‘ம’ என்று எழுதிய உறைகள்

1

நான் குவைத்துக்கு வந்து இந்த ஏப்ரலோடு இரண்டு வருடம் முடிகிறது. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, “அங்க வெயிலு எப்படி?” என்பதுதான். மரக்காணத்து உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் வெயிலைப் பற்றிக் கேட்பது, மீன் விற்கிறவளிடம் கவுச்சி அடிக்குதா என்று கேட்பது மாதிரி. வெயில் எனக்குப் பழக்கம். பழக்கமில்லாதது தூசிதான். அதைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

இங்கே அதற்குக் குபார் என்று பெயர். பாலைவனத்து மண் காற்றில் எழும்பி ஊருக்குள் வரும். காலை பத்து மணிக்கு வானம் டீத்தண்ணி நிறத்துக்கு மாறும். கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊரும். கதவிடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தாலும், சாயங்காலம் சோற்றுப்பானை மூடியின் மேல் விரலால் பெயர் எழுதலாம். வந்த புதிதில் நானும் ஆசையாக எழுதிப் பார்த்தேன். பிறகு துடைக்கவே நேரம் போதவில்லை.

என் மகள் கயலுக்குக் குபார் என்றால் பள்ளிக்கூடம் லீவு. போன வருடம் அவளுக்கு ஏழு வயது. வானம் நிறம் மாறியதும், “அம்மா, குபார்! குபார்!” என்று தீபாவளி வந்துவிட்ட மாதிரிக் குதிப்பாள். நானும் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, “மண்ணுதானே, போய் விளையாடு. வந்து மூஞ்சியக் கழுவிக்க” என்பேன்.

அந்த ‘மண்ணுதானே’ என்ற ஒரு வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் உப்பளத்தில் மண் அழுக்கில்லை. பாத்தியே மண்தான். களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரை போட்டு, அதில் கடல் தண்ணீரை விட்டுக் காயவைத்துத்தான் உப்பு எடுக்கிறோம். வாரும்போது உப்போடு கொஞ்சம் மண்ணும் வரத்தான் செய்யும். ஆனி மாதத்து மேல்காற்றில் பிரம்மதேசம் பக்கத்து நிலத்து மண்ணெல்லாம் எழும்பி வந்து பாத்தியில் விழும். வெள்ளை உப்பில் காவி படியும். அப்பா பதறவே மாட்டார்.

நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்துவிடும். அதனால் பாத்தியில் கிடக்கும் முற்றின உப்புத் தண்ணீரிலேயே அலசுவார்கள். அது ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த தண்ணீர். அதற்குமேல் உப்பை வாங்காது. மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டு அலசலில் உப்பு பளிச்சென்று வெளுத்துவிடும்.

அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு மண்ணைக் கண்டு என்ன பயம் இருக்கும்? வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்தால், “மண்ணுதானே, தட்டிவுடு.” சோற்றில் பறந்து விழுந்தால், “மண்ணுதானே, ஒதுக்கிட்டுத் துன்னு.” என் கல்யாணத்தன்று பட்டுப்புடவைக் கரையில் சேறு தெறித்தபோதும் என் அம்மா அதையேதான் சொன்னாள். எங்களுக்குப் பகை புகைதான். பம்ப் இன்ஜின் புகை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ் புகை. அதற்கெல்லாம் முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொள்வோம். மண்ணுக்கு மூடியதே இல்லை.

3

நான் திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். இவருக்கு இங்கே ஏ.சி. ரிப்பேர் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. குடும்ப விசாவில் வந்து சேர்ந்த இரண்டாம் மாதமே, காற்றில் உள்ள தூசியை அளக்கிற ஒரு லேபில் எனக்கு வேலை கிடைத்தது. கிடைத்த வேலையில் உட்காருவதற்குள் உயிர் போய்விட்டது.

பாஸ்போர்ட்டில் என் பெயர் கோவிந்தன் செல்வி. டிகிரி சர்டிபிகேட்டில் ஜி. செல்வி. அரசு ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண், “ஜி என்றால் என்ன?” என்றாள். அப்பா பெயர் என்றேன். “ஒரு அப்பா எப்படி ஒரே எழுத்தில் இருக்க முடியும்?” என்று கேட்டுவிட்டு, இது வேறு ஆள் என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். நானும் நானும் ஒரே ஆள்தான் என்று முத்திரை போட்ட காகிதம் ஒன்றை வாங்க மூன்று வாரம் அலைந்தேன். அதற்குப் பிறகுதான் இக்காமா, அதாவது இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி, கைக்கு வந்தது. குடும்ப விசாவை விட்டு வேலை விசாவுக்கு மாறிவிட்டதால், அந்த வேலை போனால் அனுமதியும் கூடவே போய்விடும்.

வேலை சுலபம். ஊரில் சில கட்டிடங்களின் மாடியில் காற்றை இழுக்கிற பெட்டிகள் உண்டு. அதற்குள் வெள்ளைப் பேப்பர் ஒன்று இருக்கும். காற்று அதன் வழியாகப் போகும்போது தூசி அதில் தங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பேப்பர். போகும்போதும் எடை போடுவேன், திரும்பி வரும்போதும் எடை போடுவேன். பிறகு உறையில் போட்டு வைப்பேன். சில உறைகள் கெமிஸ்ட் ஜார்ஜ் சார் மேஜைக்குப் போகும். அவர் பாலக்காட்டுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். அந்தத் தூசியில் என்னென்ன விஷம் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை.

குபார் அடித்த நாளின் பேப்பரை எடை மட்டும் போட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. அது இயற்கை மண், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது எல்லோருடைய எண்ணமும். மற்ற நாள் பேப்பர் எல்லாம் சாரிடம் போக வேண்டும்.

அவசரத்துக்குப் பிரிக்க வசதியாக உறையின் மூலையில் பென்சிலால் தமிழில் ஓர் எழுத்து எழுதிவைப்பேன். பழுப்பு நிறப் பேப்பருக்கு ‘ம’, மண். கருப்பு படிந்ததற்கு ‘பு’, புகை. ஒரு மனுஷனையே ஒரு எழுத்துக்குள் அடக்குகிற ஊர்க்காரிக்கு மண்ணை அடக்குவதா பெரிய விஷயம்! ‘ம’ அலமாரிக்கு, ‘பு’ சாருக்கு. பத்து மாதம் இப்படியே போனது. என் கை வேகத்தைப் பார்த்து மேலதிகாரிகூட ஒரு தடவை மெச்சினார்.

விடுமுறை நாளில் சில சமயம் கயலையும் லேபுக்குக் கூட்டிப்போவேன். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பள்ளியில் இங்கிலீஷ், இந்தி, அரபி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மலையாளம். என்னோடு பேசுவது தமிழ்தான் என்றாலும், மரக்காணத்தை ‘உங்க ஊரு’ என்றுதான் சொல்வாள். முதல் தடவை கேட்டபோது சுருக்கென்றது. அப்படிப்பட்டவள் என் உறைகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு தமிழ் எழுத்து மட்டும் கற்றுக்கொண்டாள். ம, பு. மூன்றாவது எழுத்து கற்றுக்கொடுக்கப் போனால் ஓடிவிடுவாள்.

4

போன வருடம் ஏப்ரலில் ஒரு குபார். அன்று முழுக்கக் கயல் பால்கனியில் ஆடினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காற்று அடங்கிவிட்டது. வானம் லேசாக வெளிறிக் கிடந்ததே தவிர, வெயில் தெரிந்தது. பள்ளி திறந்தது. சாயங்காலம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் மற்ற பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு மேலே வந்தவள், சோபாவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி?”

பதில் இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். உதட்டில் நிறம் குறைந்திருந்தது. அவளுக்கு முன்பும் இரண்டு தடவை லேசாக இழுத்திருக்கிறது. இந்த மாதிரி பேச்சு வராமல் போனதில்லை.

இவர் வேலையாக ஊருக்கு வெளியே போயிருந்தார். டாக்சி பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எகிப்து டாக்டர். கயலுக்கு முகமூடி வைத்து மருந்துப் புகையை விட்டுக்கொண்டே, எதனால் வந்தது என்று அரபியில் கேட்டார். எனக்குத் தெரிந்த நாலு அரபி வார்த்தையையும் திரட்டி, “பின்தி… அம்ஸ்… கப்ர்! கப்ர்!” என்றேன். என் மகள், நேற்று, தூசி என்று சொல்வதாக நினைப்பு.

டாக்டர் கை அப்படியே நின்றது. மலையாளி நர்ஸ் என் தோளைப் பிடித்து, “சேச்சி, குபார்! குபார்னு சொல்லு. கப்ர் இல்ல” என்றாள்.

கப்ர் என்றால் புதைகுழி. கோட்டக்குப்பம் வழியாகப் புதுச்சேரி பஸ்ஸில் போகும்போதெல்லாம் கபர்ஸ்தான் என்ற வார்த்தையைக் கேட்டவள்தானே நான். அது அந்த நேரத்துக்கு மறந்துபோய், என் பெண்ணைப் பார்த்து என் வாயாலேயே அதைச் சொல்லியிருக்கிறேன். முகமூடிக்குள் அவள் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சமமானது. இப்போதும் அந்த வார்த்தையை எழுதும்போது கை கூசுகிறது.

கிளம்பும்போது நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் குபார், சளி, மற்றவை என்று மூன்று கட்டம். குபாரில் டிக் போடு என்றேன்.

“குபார் நேத்தல்லே சேச்சி? இன்னிக்கு டேட்டில் குபார் இல்ல. போட முடியாது.”

சளியில் டிக் போட்டுக் கொடுத்தாள். என் மகளுக்கு அன்று சளியே இல்லை.

5

ராத்திரி ஊர் திரும்பிய இவர், கயல் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: “இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா, புள்ளய பிரம்மதேசத்துல எங்கம்மாகிட்ட விட்டுடலாம் செல்வி. அங்க கடலும் வராது, குபாரும் வராது.”

புயலில் மரக்காணத்துக்குள் கடல் புகுந்து போய் அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பேச்சில் தப்பில்லை. ஆனால் ஏழு வயதுப் பெண்ணை வருடத்துக்கு முப்பது நாள் பார்த்துவிட்டு வருகிற வாழ்க்கையை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ‘உங்க ஊரு’ என்று சொல்கிற பெண்ணை அங்கே விட்டுவிட்டு, நான் இங்கே வெள்ளைப் பேப்பரை எடை போட்டுக்கொண்டு இருப்பதா? “ஆவாதுங்க” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கீழ் வீட்டு மும்தாஜ் அக்கா விசாரிக்க வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பால்கனியில் கயல் விளையாடிய கதையைச் சொன்னேன்.

“குபார் அன்னைக்கு எம் புள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆவாதுடி. அதுக்கு மறுநாள்தான் இழுக்கும். ரெண்டு நாளு வெளிய வுடவே மாட்டேன்.”

“மறுநாள் மண்ணு அடங்கிடுதேக்கா?”

“எங்க அடங்குது? என் தொழுகைத் துணியப் பாத்தா தெரியும் உனக்கு. வெள்ளத் துணி. குபார் அடிக்கச் சொல்ல கொடியில மறந்துட்டன்னு வையி, உதறுனா போயிரும். மறுநாள் காயப்போட்டா போச்சு. ரோட்டுப் புகையும் அதுவும் ஒண்ணா சேந்துக்குது. எத்தன சோப்பு போட்டாலும் பிசுக்கு மாதிரி நிக்கும். பாக்கறதுக்கு மண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா மண்ணு இல்லடி அது.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். எனக்கு ஒரு டீசல் கேன் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கோடை லீவு. பம்ப் இன்ஜினுக்கு டீசல் கொண்டுபோகச் சொன்னார்கள். மூடியைச் சரியாகத் திருகாமல் வரப்பில் வைத்துவிட்டு, நத்தை ஓடு பொறுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கேன் சாய்ந்து கிடக்கிறது. பாத்தியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. வரப்பை ஒட்டிக் குவித்திருந்த காய்ந்த மண் அத்தனையும் குடித்துவிட்டது. அப்பாடா என்று கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மத்தியானம் மேல்காற்று எழும்பி அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துப் பாத்தி உப்பில் தூவியது. அப்பா வழக்கம்போல அலசினார், வழக்கம்போல வெளுத்தது. வாங்க வந்த ஆள் ஒரு கல்லை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான்.

“என்னாயா இது, டீசல் நாத்தம் அடிக்குது?”

அந்த அம்பாரம் முழுக்கச் சாப்பாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. அப்பா இன்ஜின்காரனைப் பிடித்துத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா, இதைப் படிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும். அந்த மனுஷனை எங்காவது பார்த்தால் நான் சொன்னேன் என்று மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

டீசல் தானாக உப்புக்குப் போகவில்லை. மண்தான் தூக்கிக்கொண்டு போனது. அலசினதில் மண் போனது, டீசல் நின்றுவிட்டது. இது பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து மாதமாகப் பழுப்பைக் கண்ட இடத்தில் எல்லாம் ‘ம’ என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அதில்தான் என் தப்பு உறைத்தது. விதி, குபார் நாளின் பேப்பரைத்தான் ஒதுக்கச் சொன்னது. மறுநாள் பேப்பரையும், அதற்கு அடுத்த நாள் பேப்பரையும் நான் நிறத்தைப் பார்த்து அதோடு சேர்த்து அலமாரியில் அடைத்துவிட்டேன். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கிற நாட்களின் காற்றை ஒருத்தரும் சோதித்துப் பார்க்காதபடி செய்தது என் பென்சில்தான்.

6

சொல்லிவிட்டால் வேலை போகலாம். வேலை போனால் அனுமதி போகும். சொல்லாவிட்டால் அலமாரி தன் பாட்டுக்குப் பூட்டிக் கிடக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. டீசல் கேனை நிமிர்த்தி வைத்த மாதிரி வைத்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் கயல் தூக்கத்தில் இருமினாள். நேரே போய் ஜார்ஜ் சாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

“மறுநாள் பேப்பர் எத்தன இருக்கு?”

“எண்ணல சார். நிறைய.”

“கலரப் பாத்துத் தரம் பிரிக்க இது என்ன மளிகைக் கடையா செல்வி?”

“உப்புக் கடை சார். எங்க வீட்ல அப்படித்தான்.”

வாய் தவறி வந்துவிட்டது. அவர் அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலில் நாலு உறை எடுத்தோம். குபார் நாளின் பேப்பர் இரண்டு, மறுநாள் பேப்பர் இரண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ஒரே பழுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, எண்ணெய்ப் பசையைக் கரைக்கிற திரவத்தில் போட்டுக் குலுக்கி வைத்தார். மண் அடியில் படிந்தது. குபார் நாளின் குப்பிகளில் மேலே நின்ற திரவம் ஏறக்குறையத் தெளிவாகவே இருந்தது. மறுநாளின் குப்பிகள் இரண்டும் கஷாயம் மாதிரி ஆகிவிட்டன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு உப்பு வாங்க வந்த ஆள் துப்பியது ஞாபகம் வந்தது.

“நாலு பேப்பர வெச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாது” என்றார் சார். ஆனால் அன்றே மறுநாள் உறைகள் அத்தனையையும் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டார். மேலதிகாரியிடம் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று மட்டும் வந்தது. அதிலும் என் பெயர் ஜி. செல்விதான்.

பிறகு வந்த மாதங்களில் அவர் எனக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். எடைக்கு எடை பார்த்தால் புகைதான் பொல்லாதது. பாலைவனத்து மண் தனியாக வரும்போது அத்தனை விஷமில்லை, அதற்காக மூச்சுக்கு நல்லது என்றும் இல்லை. ஆனால் மண் துகள் வழவழப்பானதல்ல. மேடும் பள்ளமுமாக, மேலே இடம் நிறைய. காற்று நின்றுபோனதும், நுண்ணிய மண் கீழே இறங்காமல் ஊருக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது வண்டிப் புகை, மின்சார நிலையத்துப் புகை, எண்ணெய் எரிகிற புகை எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். புகையில் உள்ள அமிலத்தை மண்ணில் இருக்கிற சுண்ணாம்பு கொஞ்சம் அடக்குகிறது. எல்லாவற்றையும் அடக்க முடிவதில்லை. மிச்ச அமிலம், மண்ணில் கரையாமல் சும்மா கிடக்கிற இரும்பையும் மற்ற உலோகங்களையும் கரைத்துவிடலாம். கரைந்த உலோகம் மூச்சுக்குழாயில் பட்டால் புண்ணாகும், இறுகும். இது இன்னும் முழுசாகத் தெரிந்த விஷயமில்லை, நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொரு தடவையும் கடைசியில் சேர்த்துக்கொள்வார். நானும் சேர்த்துவிட்டேன்.

அலமாரியில் மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்தோம். அதற்கு ஒரு எழுத்து வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தபோது கூட வந்திருந்த கயல், “ரெண்டும் போடும்மா” என்று சொல்லிவிட்டுப் பென்சிலை வாங்கி எழுதினாள். மபு.

“அப்படி ஒரு வார்த்தை கிடையாதுடி.”

“இப்ப இருக்கு” என்றாள்.

பள்ளிக்கூடத்தோடு நடந்த போராட்டம் தனிக்கதை. குபார் நாளுக்குத்தான் லீவு, மறுநாளுக்குக் கிடையாது. மறுநாள் வராவிட்டால் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட்டில் காரணம் வேண்டும். எந்தப் படிவத்திலும் ‘நேற்றைய குபார்’ என்று ஒரு கட்டம் இல்லை. இதுவரை மூன்று தடவை ‘சளி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் கவலைப்பட்டு, பிள்ளைக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுங்கள் என்றார்.

அக்கா சொன்ன வெள்ளைத் துணிதான் எங்கள் வீட்டுக் கருவி. குபார் முடிந்த மறுநாள் காலையில் பால்கனிக் கம்பியை வெள்ளைத் துணியால் துடைத்துக் குழாயில் அலச வேண்டும். போய்விட்டால் ‘ம’. பிசுக்கு நின்றால் ‘மபு’, அன்றைக்கு யாரும் வெளியே போவதில்லை. லேபில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஏப்ரலுக்குப் பிறகு கயலுக்கு இழுப்பு வரவில்லை. இவரும் பிரம்மதேசத்துப் பேச்சை எடுக்கவில்லை. விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொரு குபாருக்கும் என் முகத்தைப் பார்ப்பார். இன்னும் ஒரு தடவைதான் என்பது இருவருக்கும் தெரியும்.

7

போன சனிக்கிழமை பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டே. அணிவகுப்பில் வகுப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதற்குக் கயலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு மாதமாக வீட்டில் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடக்கிறாள். லெஃப்ட், ரைட் என்று அவள் போட்ட சத்தத்தில் மும்தாஜ் அக்கா கீழிருந்து கரண்டியால் சீலிங்கைத் தட்டியது உண்டு.

வெள்ளிக்கிழமை பெரிய குபார். சாயங்காலம் காற்று அடங்கியது. சனிக்கிழமை காலையில் நல்ல வெயில். ஸ்போர்ட்ஸ் டே உண்டு, மாற்றமில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தது.

நான் எழுந்து வரும்போது கயல் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளை ஷூ மாட்டித் தயாராக இருந்தாள். நான் துணியை எடுக்கப் போனேன். அதற்குள் அவளே பால்கனிக் கதவை ஒரு ஆள் அளவுக்குத் திறந்து, சட்டையில் குத்தியிருந்த கைக்குட்டையைக் கழற்றி, கம்பியை ஒரு இழுப்பு துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். யாரையும் பார்க்காமல் பாத்ரூமுக்குப் போனாள்.

குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சோப்புப் பெட்டியைத் திறக்கிற சத்தம். மறுபடியும் தண்ணீர். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வந்தாள். சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது. கைக்குட்டையை இரண்டு கையாலும் விரித்து என் முன்னால் பிடித்தாள். நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பிசுக்குக் கோடு, பழுப்பும் கருப்புமாக.

“மண்ணுதானேம்மா?” என்றாள்.

அசல் மரக்காணத்துக்காரி மாதிரியே கேட்டாள். என் அம்மாவின் ராகம், என் ராகம், அப்படியே இருந்தது. அவள் வாயில் ஊர்ப்பேச்சு வர வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். வந்ததுதான் வந்தது, இந்த வார்த்தையா வர வேண்டும்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கீழே ஓடிவிடுவாள். எங்கள் வீட்டில் தலைமுறையாக எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன பதில்தான் அது.

“இல்லடி கண்ணு” என்றேன். “மண்ணு இல்ல.”

கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவளே அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

எனக்கும் அழுகை வந்தது. எட்டு வயதில் காற்றைச் சோதித்துப் பார்த்து வாழக் கற்றுக்கொடுத்திருக்கிறேனே என்று ஒரு பக்கம் அவமானமாக இருந்தது. அவள் தப்பித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாளே என்று இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இவர் அறை வாசலில் வந்து நின்றார்.

பத்து மணிக்கு அணிவகுப்பு தொடங்கியிருக்கும். நான் அவள் பக்கத்தில் படுத்து, அவள் முதுகில் காதை வைத்தேன். வெகுநேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. விசில் இல்லை.